கும்பாபிஷேக ரசீதும் ராணி ராஸ்மணியின் கோயிலும்

போன வாரம் எங்கள் தெருவுக்கு ரசீது புத்தகம் வந்தது. வீட்டுக்கு 10,000 ரூபாய். கம்பெனியில் பர்மனெண்ட் ஆனவர்களுக்கு 15,000. சூளகிரிப் பக்கத்துச் சேரி ஒன்றில், ஓட்டுக் கொட்டகைக்குள் ஒரு கல்லாக உட்கார்ந்திருந்த எங்கள் மாரியம்மாளுக்கு இன்று கான்கிரீட் கருவறையும் மேலே கோபுரமும் எழும்பிவிட்டன. கல் சுமந்தது, சென்ட்ரிங் அடித்தது, பெயிண்ட் பூசியது எல்லாம் நம்ம பசங்க. ஓசூர் சிப்காட்டில் மூன்று ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு. இதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கும்பாபிஷேகத்துக்கு டவுனிலிருந்து ஐயரைக் கூட்டி வந்தார்கள். அவர் வந்தார், பார்த்தார், கண்டிஷன் போட்டார். யாகசாலைப் பந்தல் சேரிக்குள் வேண்டாம், ரோட்டு ஓரமாகப் போடுங்கள். கும்பாபிஷேகம் முடிந்து 48 நாள் மண்டல பூசையை அவர் அனுப்பும் ஆள்தான் செய்வார். அதுவரை பூசாரி பெரியப்பா கருவறைக்குள் கால் வைக்கக் கூடாது. கோயில் முன்னால் இனிமேல் கிடா வெட்டு கிடையாது. சாப்பாடா? "அதெல்லாம் சிரமப்படாதீங்கோ. பச்சரிசி, பருப்பு, காய்கறி, வாழையிலை தனியா எடுத்து வெச்சிடுங்கோ. நாங்களே பொங்கிக்கறோம்." எங்கள் குழாய்த் தண்ணிகூட வேண்டாமாம், கேனில் கொண்டு வருவார்களாம். விழாக் குழு எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டது.

"அண்ணா, உங்க பேர்லதான் முதல் ரசீது" என்று பேனாவை நீட்டினான் ஐ.டி.ஐ. படித்த தம்பி ஒருவன். தெருவில் அம்பேத்கர் படம் வைக்க என்னோடு சேர்ந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தவன். ஏண்டா இது என்றேன். "அவங்க சாமிக்குச் செய்யறதெல்லாம் நம்ம சாமிக்கும் செய்யணும்ணா. அப்பத்தான் ஊர்க்காரன் மதிப்பான்." நான் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தெருக் கூட்டம் வரை டைம் கேட்டேன்.

அவன் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அது ஆன்மிக ஆசை இல்லை, மான ஆசை. என் அம்மாவே கேட்கிறாள்: "நம்ம அம்மாவுக்கும் ஒரு கோபுரம் வேணாமாடா? நான் சாகறதுக்குள்ள கலசத்துல தண்ணி ஊத்தறதைப் பாக்க வேணாமா?" ஊர்க் கோயில் தேரை எட்ட நின்றே பார்த்துக் கிழவியானவள் அவள். அவளுக்கு மார்க்சியத்திலோ பின்நவீனத்துவத்திலோ பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு கதையில் பதில் தேடினேன். கதை வங்காளத்துக் கதை. வந்து சேர்ந்தது எங்கள் தெரு வழியாகத்தான்.

தெருக் கடைசியில் ஒரு லைன் வீடு. காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் வங்காளத் தொழிலாளிகள் நாலு பேர் ஒரே ரூமில் இருக்கிறார்கள். ஒருவர் வடக்கு 24 பர்கனாக்கள் மாவட்டம், தாக்கூர்நகர்ப் பக்கம். நாமசூத்திரர், அதாவது அந்த ஊர்ப் பட்டியல் சாதி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் பச்சரிசி சமாச்சாரத்தைச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணா, தட்சிணேஸ்வர் தெரியும்தானே? அங்கேயும் இதே பச்சரிசிக் கதைதான். கட்டினது ஜமீன்தாரம்மா. அவங்க சோறு மட்டும் ஆகாது" என்றார் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும்.

எனக்குத் தெரிந்த தட்சிணேஸ்வரம் காலண்டரில் இருப்பது. ராமகிருஷ்ண பரமஹம்சர், சாரதா தேவி, விவேகானந்தர் என்று மூன்று படம். கோயிலைக் கட்டினவள் படம் அதில் கிடையாது. (வங்காளத்தில் அவரை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1955இல் சினிமா எடுத்தார்கள். 2017 முதல் 2022 வரை டி.வி. தொடராகவே ஓடினார்.) தேடிப் படித்தேன். படித்ததை நம் நிலைமையோடு சேர்த்து இங்கே வைக்கிறேன்.

*

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலை, அதாவது இன்றைய கிருஷ்ணகிரிச் சீமையை, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வாங்கிக்கொண்டவர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ். (ஓசூர்ப் பக்கம் 1799 வரை மைசூரோடு இருந்தது.) அதே கார்ன்வாலிஸ்தான் அடுத்த வருஷம், 1793இல், வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அங்கே நிலம் ஜமீன்தார் பேரில் எழுதப்பட்டது. இங்கே கேப்டன் ரீடும் அவர் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையைப் பரீட்சை பண்ணினார்கள். நிலம் குடியானவன் பேரில் பட்டாவானது. சரித்திரப் பரீட்சையில் "இரண்டு முறைகளையும் ஒப்பிடுக" என்று பத்து மார்க் கேள்வி வரும். நாம் ஒரே வரியில் ஒப்பிடலாம். அங்கே ஜமீன்தார், இங்கே பட்டாதாரர். சேற்றில் இறங்கின பறையருக்கும் மாதாரிக்கும் அங்கேயுள்ள நாமசூத்திரருக்கும் ரெண்டு காகிதத்திலும் பேர் இல்லை.

அதே 1793இல் கல்கத்தாவுக்கு வடக்கே ஹாலிசகர் பக்கம், கோனா என்ற கிராமத்தில் ராஸ்மணி பிறந்தார். அப்பா ஹரேகிருஷ்ண தாஸ் உடம்பை நம்பிப் பிழைத்த ஏழை. சாதி கைவர்த்தர். மீன்பிடியும் உழவும் தொழிலாகக் கொண்ட சூத்திரச் சாதி. தலித் சாதி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஜமீன்தாரம்மாவைத் தலித் நாயகியாக்கி மாலை போடுவது என் நோக்கமில்லை. ஜமீனே கையில் இருந்தும் பார்ப்பனியம் ஒரு சூத்திரக் குடும்பத்தை எங்கே நிறுத்தியது என்பதுதான் நமக்குப் பாடம்.

11 வயதில் அவரைக் கல்கத்தா ஜான்பஜாரில் ராஜ்சந்திர தாஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ராஜ்சந்திரரின் அப்பா பிரீதிராம் மூங்கில் வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். நிரந்தர நிலவரிச் சட்டப்படி குறித்த நாளில் பொழுது சாய்வதற்குள் வரி கட்டாத ஜமீன் ஏலத்துக்குப் போகும். பழைய ராஜாக்களின் சொத்து இப்படிச் சிதறின காலத்தில் பிரீதிராம் மகிம்பூர் பர்கனாவை வாங்கி ஜமீன்தாரானார். நேற்றுவரை மூங்கில் வியாபாரி, இன்று ஜமீன்தார். ஆனால் சாதி? பர்கனாவோடு சேர்த்து அதை யாரும் ஏலம் விடவில்லையே.

புதுப் பணம் வந்த வங்காள வீடுகளில் சாமி கும்பிடுவதற்கு ஒரு பாணி உண்டு. வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி தூண் வைத்த மண்டபம், அதற்குத் தாக்குர்தாலான் என்று பேர். சரத் காலத்தில் அங்கே துர்கா பூசை நடக்கும். குலதெய்வத்துக்கு நித்திய பூசை தனி. ஜான்பஜார் வீட்டின் குலதெய்வம் ரகுநாதர். தேர்த் திருவிழாவுக்கு ராஸ்மணி வெள்ளியில் தேரே செய்துவைத்தார். ஜமீன்தார் வீட்டுப் பூசை என்பது பக்தி மட்டுமல்ல, அதிகாரக் காட்சி. யார் மேடையில், யார் முற்றத்தில், யார் வாசலில் என்று ஊருக்கே வருஷா வருஷம் பாடம் எடுக்கும் இடம். துர்கா பூசைக்கு டாக் என்ற பெரிய மேளம் இல்லாமல் முடியாது. அதை அடிக்கிறவர்கள் பெரும்பாலும் தோல் தொழில் செய்யும் முச்சி, ருயிதாஸ் போன்ற தாழ்த்தப்பட்ட சாதியினர். மேளம் முற்றத்தில், மந்திரம் மேடையில். பறையடிக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1836இல் ராஜ்சந்திரர் செத்துப்போனார். விதவையான ராஸ்மணி ஜமீனைத் தன் கையில் எடுத்தார். கெட்டிக்காரி. கங்கையில் மீன்பிடிக்கக் கம்பெனி சர்க்கார் வரி போட்டபோது மீனவர்கள் அவரிடம் வந்து முறையிட்டார்கள். அவர் ஆற்றில் ஒரு பகுதியையே சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்து, குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டுக் கப்பலை மறித்தார். கம்பெனி இறங்கி வந்து வரியை எடுத்தது. இன்னொரு தடவை, துர்கா பூசைக்கு விடியற்காலையில் மேளதாளத்தோடு ஆற்றுக்குப் போனது வெள்ளைக்காரன் தூக்கத்தைக் கெடுத்ததென்று 50 ரூபாய் அபராதம் போட்டார்கள். அம்மா அபராதத்தைக் கட்டினார், தெருவை வேலி போட்டு அடைத்தார். தெரு அவர் குடும்பம் போட்டது. சர்க்கார் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு கதையும் வங்காளத்தில் வழிவழியாகச் சொல்லப்படுபவை.

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஊர்த் தெருவில் பறையடித்துக்கொண்டு பிணம் எடுத்துப் போனதற்கு வெட்டுப்பட்ட ஜனங்களுக்கு இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும். ஆனால் தெருவும் ஆறும் பத்திரத்தில் தன் பேரில் இருந்ததால் அவரால் வேலி போட முடிந்தது. வெள்ளைக்காரனை அடக்கினது நிலம்.

அந்த நிலத்தால் பார்ப்பானை அடக்க முடிந்ததா?

*

1847இல் காசிக்குப் புறப்பட இருந்தவரின் கனவில் காளி வந்து, இங்கேயே கங்கைக் கரையில் கோயில் கட்டச் சொன்னாள் என்பது ஐதீகம். கல்கத்தாவுக்கு வடக்கே தட்சிணேஸ்வரத்தில் இடம் வாங்கினார். அதில் ஒரு பகுதி வெள்ளைக்காரருடைய தோட்டம், ஒரு பகுதி முஸ்லிம்களின் பழைய இடுகாடு. ஒன்பது கோபுரக் காளி கோயில், 12 சிவன் கோயில்கள், ஒரு ராதாகிருஷ்ணர் கோயில். எட்டு வருஷ வேலை. செலவு ஒன்பது லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அன்றைய ஒன்பது லட்சம்.

கோயில் முடிந்தது. சாமிக்குச் சோறு படைக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. சூத்திரர் கட்டின கோயிலில் சமைத்த அன்னத்தைத் தெய்வத்துக்குப் படைக்கக் கூடாது, அந்தப் பிரசாதத்தைப் பிராமணர் தொடக் கூடாது. பண்டிதர்களிடம் அபிப்பிராயம் கேட்டு ஆள் அனுப்பினார். ஒருத்தரும் வழி சொல்லவில்லை. கம்பெனிக் கப்பலைச் சங்கிலி போட்டு நிறுத்தின அம்மா, ஒரு சட்டிச் சோற்றின் முன்னால் நின்றுபோனார்.

கடைசியில் ராம்குமார் சட்டோபாத்யாயர் என்ற பண்டிதர் ஒரு "வழி" சொன்னார். கோயிலையும் சொத்தையும் முதலில் ஒரு பிராமணருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிடு. அவர் சாமியைப் பிரதிஷ்டை செய்து சோறு படைக்கட்டும். அப்போது தீட்டு இல்லை. ராஸ்மணி ஒத்துக்கொண்டார். தன் குருவின் பேருக்குக் கோயிலைக் கொடுத்தார். தான் கட்டின கோயிலில் தான் காரியதரிசி மாதிரி இருந்துகொண்டார். அப்புறமும் நல்ல குலத்துப் பிராமணர் யாரும் பூசைக்கு வரச் சம்மதிக்காமல், வழி சொன்ன ராம்குமாரே பூசாரியானார். 1855 மே 31இல் பிரதிஷ்டை நடந்தது.

தோழர்களே, இந்தத் தந்திரத்தைக் கவனியுங்கள். பார்ப்பனியம் அவர் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. செங்கல்லில் தீட்டு இல்லை, நிலத்தில் தீட்டு இல்லை, வெள்ளியில் தீட்டு இல்லை. பேரில்தான் தீட்டு. பேரை எடுத்துவிட்டுக் கொடு, வாங்கிக்கொள்கிறோம் என்றது. இதை நாம் "சமரசம்" என்கிறோம். அவர்கள் அதைச் சாஸ்திரம் என்கிறார்கள்.

ராம்குமாரின் தம்பிதான் கதாதர். பின்னால் ராமகிருஷ்ண பரமஹம்சர். பிரதிஷ்டை நாளன்று ஜனங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டபோது, 19 வயதுப் பையன் கடைத்தெருவில் ஒரு பைசாவுக்குப் பொரி வாங்கித் தின்றுவிட்டுப் போனார் என்று அவருடைய சீடர்கள் எழுதின சரித்திரமே சொல்கிறது. அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தெய்வச் சித்தம் பார்த்தார்கள். அப்புறமும் கோயில் சாப்பாடு இறங்கவில்லை. உலர்ந்த அரிசி பருப்பை வாங்கிக்கொண்டு கங்கைக் கரையில் தானே பொங்கிச் சாப்பிட்டார்.

பச்சரிசி, பருப்பு, காய்கறி, வாழையிலை தனியா எடுத்து வெச்சிடுங்கோ! நூற்றெழுபது வருஷம் ஆகிவிட்டது. ரயில் வந்தது, கரண்ட் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, சூளகிரிக்குப் பக்கத்தில் கம்பெனி வந்தது. அந்த லிஸ்ட் மட்டும் மாறவில்லை.

பிற்பாடு ராமகிருஷ்ணர் மாறினார். பூணூலைக் கழற்றி வைத்துவிட்டுத் தியானம் செய்தார், தோட்டிக் குடும்பம் ஒன்றின் கக்கூசை ராத்திரியில் போய்த் தன் முடியால் துடைத்தார் என்றெல்லாம் சொல்கிறார்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மனுஷருக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் துடைத்தவர் பரமஹம்சரானார். அடுத்த நாள் காலையில் அதே கக்கூசை அள்ளப் போனவர் தோட்டியாகவே இருந்தார். ஒருவரின் அகங்காரம் கரைவதும் ஒரு சாதியின் இழிவு ஒழிவதும் ஒன்றல்ல. நம்மை வைத்து அவர்கள் மோட்சம் அடைவது நமக்கு விடுதலை ஆகாது.

*

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தக் கோயில் நித்திய பூசைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அதற்கென்று ராஸ்மணி தினாஜ்பூர் மாவட்டத்தில் சால்பாரி என்ற பர்கனாவை 2,26,000 ரூபாய்க்கு வாங்கினார். சாவதற்கு முந்தின நாள், 1861 பிப்ரவரி 18இல், அதைத் தேவோத்தரச் சொத்தாக, அதாவது சாமி பேரில், எழுதிவைத்தார். மூத்த மகள் கையெழுத்துப் போடவில்லை என்ற மனக்குறையோடு 19ஆம் தேதி கண்ணை மூடினார்.

கோயிலில் காளிக்கு விளக்கு எரிந்தது. எண்ணெய் தினாஜ்பூர்க் குடிகளின் குத்தகை. சூத்திர ஜமீன்தாரம்மா பார்ப்பனரிடம் பட்ட அவமானம் நிஜம். அதே அம்மாவின் கச்சேரியில் குடியானவன் கட்டின வாரமும் நிஜம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. அதே தினாஜ்பூர் மாவட்டம்தான் 1946-47இல் தேபாகா போராட்டத்தின் முக்கியமான களம். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்று வாரக் குடிகள் எழுந்தார்கள். 1947 பிப்ரவரி 20இல் அந்த மாவட்டத்துக் கான்பூரில் போலீஸ் சுட்டதில் 22 பேர் செத்தார்கள். ராஜவம்சிகள், சந்தாலிகள், முஸ்லிம்கள் தோளோடு தோள் நின்ற போராட்டம் அது.

ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் கிழக்கு வங்காளத்தில் 1950இல் வந்தது, மேற்கு வங்காளத்தில் 1953இல். (சென்னை ராஜ்யத்தில் 1948இலேயே வந்துவிட்டது.) ஜமீன் போனது. ஜமீன்தார் வீட்டுச் சாமி போகவில்லை. ஜான்பஜார் வீட்டில் துர்கா பூசை இன்றும் நடக்கிறது. சட்டம் நிலத்தைத் தொட்டது. மேடையையும் முற்றத்தையும் பிரித்த படிக்கட்டைத் தொடவில்லை.

கைவர்த்தர்கள் என்ன ஆனார்கள்? ராஸ்மணி யாருக்காக ஆற்றில் சங்கிலி போட்டாரோ அந்த மீனவரும், உழவரும் ஒரே பேரில்தான் இருந்தார்கள். 1901 ஜனத்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி உழவுக் கைவர்த்தர்கள் "நாங்கள் வேறு, எங்கள் பேர் மாஹிஷ்யர்" என்று மனுப் போட்டு, சாஸ்திர ஆதாரம் தேடி, பேரை மாற்றிக்கொண்டு மேலே போனார்கள். வலை வீசின ஜாலியா கைவர்த்தர் இன்று மேற்கு வங்கத்தில் பட்டியல் சாதி. ஏணியில் ஏறுகிறவன் செய்யும் முதல் வேலை கீழ்ப் படியில் நிற்கும் சொந்தக்காரன் கையை உதறுவது. பறையர் மாதாரியையும், மாதாரி இன்னொருவரையும் தள்ளிவைக்கும் நம் கதையும் இதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் கும்பாபிஷேக ரசீது புத்தகம் மாதாரித் தெருவுக்குப் போகவில்லை.

*

அப்படியானால் வேறு வழியே இல்லையா? லைன் வீட்டுக்காரர் ரூம் சுவரில் ஒரு படம் இருக்கிறது. காளி இல்லை, பரமஹம்சர் இல்லை. ஹரிசந்த் தாக்கூர்.

1812இல் பிறந்தவர், ராஸ்மணியின் காலத்தவர்தான். ஜமீன்தாரின் தொல்லையில் சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட நாமசூத்திரக் குடும்பம், இன்றைய பங்களாதேஷில் உள்ள ஒராகாந்திக்கு வந்து சேர்ந்தது. அங்கே அவர் மதுவா நெறியைத் தொடங்கினார். குரு வேண்டாம், தீட்சை வேண்டாம், பிராமணன் வேண்டாம், சந்நியாசம் வேண்டாம். கையில் வேலை, வாயில் ஹரி நாமம், குடும்பமே மடம். 1872-73இல் ஃபரீத்பூர்ப் பக்கம் ஒரு வசதியான நாமசூத்திரர் தன் அப்பா திதிச் சாப்பாட்டுக்கு மேல்சாதியாரைக் கூப்பிட்டார். அவர்கள் வர மறுத்தார்கள். இதே சோற்றுப் பிரச்சினைதான்! அந்த மனுஷர்கள் அதற்காகப் பிராமணனுக்குச் சொத்தை எழுதிவைக்கவில்லை. இனி உங்கள் வயலிலும் வீட்டிலும் வேலை செய்ய மாட்டோம் என்று கையை எடுத்தார்கள். சில மாசம் தாக்குப் பிடித்தார்கள். கூலிக்காரர் பட்டினியில் அது முடிந்தது. ஆனால் முடிந்த இடத்திலிருந்து ஹரிசந்தின் மகன் குருசந்த் (1937இல் இறந்தார்) பள்ளிக்கூடம் தொடங்கினார். சண்டாளர் என்ற பேர் 1911 கணக்கெடுப்பில் நாமசூத்திரர் என்றானது. அந்த மண்ணில் வந்த ஜோகேந்திரநாத் மண்டல்தான் 1946இல் பம்பாய் கைவிட்ட அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பப் பாடுபட்டவர். அம்பேத்கர் சபைக்குள் நுழைந்தது தட்சிணேஸ்வரத்து வாசல் வழியாக இல்லை. ஒராகாந்திப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாக.

(மதுவா தாக்கூர் குடும்பமே இன்று கட்சிகளுக்கு ஓட்டு வங்கியாகிப் பிரிந்து கிடக்கிறது என்று அதே தோழர் வருத்தப்பட்டார். எந்த மாற்றும் காவல் இல்லாவிட்டால் மடமாகிவிடும். குறித்துக்கொள்வோம்.)

வங்காளம் எதற்கு, நம் பக்கத்திலேயே உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் தாண்டினால் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பாதாளத்தில் இறங்கப் போன நம் முப்பாட்டன்கள், கையில் கூலிக் காசு வந்தபோது என்ன செய்தார்கள்? 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கின சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை வைத்தார்கள். 1907இல் அவர் தொடங்கின தமிழன் பத்திரிகைக்குப் பணம் அனுப்பினார்கள், எழுதினார்கள். கலியாணத்தையும் சாவையும் பார்ப்பானில்லாமல் நடத்தினார்கள். சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். அவர்கள் அச்சடித்த புத்தகத்தை நாம் இன்னும் படிக்கிறோம்.

எதிர்ப் பக்கத்து உதாரணமும் உண்டு. கமுதியில் 1897இல் பணமும் வியாபாரமும் இருந்த நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். தீட்டுக் கழிக்கிற செலவும் அவர்கள் தலையில். அவர்கள் பிற்பாடு நிமிர்ந்தது அந்தத் தீர்ப்பால் இல்லை. மகமையால், பள்ளிக்கூடத்தால், சுயமரியாதை இயக்கத்தால்.

"அப்போ கோயில் உரிமையே வேண்டாமா?" என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். வேண்டும். உரிமை வேறு, அங்கீகாரப் பிச்சை வேறு. 1930இல் நாசிக் காளாராம் கோயில் முன்னால் ஆயிரக்கணக்கில் ஜனங்களைத் திரட்டினவர் பாபாசாகேப். 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று திரும்பினவரும் அவர்தான். பரம்பரைப் புரோகிதத்தை ஒழி, பரீட்சை வைத்து அரசாங்கமே புரோகிதரை நியமிக்கட்டும் என்று 1936இலேயே எழுதினார். இங்கே 1970இல் சட்டம் வந்தது, 1972இல் சுப்ரீம் கோர்ட் ஆகமத்தைக் காட்டி முட்டுக்கட்டை போட்டது, 2006இல் மறுபடி ஆணை வந்தது, 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த 24 பேர் அர்ச்சகராக நியமிக்கப்பட்டார்கள். அரை நூற்றாண்டுப் போராட்டம். பெரிய கோயில் கருவறைக்குள் நம் பையன் போக வேண்டும் என்று ஒரு பக்கம் இத்தனை வருஷமாக மல்லுக்கட்டுகிறோம். இன்னொரு பக்கம் நம் சொந்தச் சேரிக் கருவறைக்குள் இருக்கும் நம் பூசாரியை நாமே 48 நாளைக்கு வெளியே அனுப்புகிறோம். இதைவிடக் கேவலம் உண்டா?

பூசாரி பெரியப்பா ஐம்பது வருஷமாகப் பம்பை அடித்து மாரியாத்தாளை எழுப்புகிறவர். அம்மை கண்ட பிள்ளைகளுக்கு வேப்பிலை வீசினவர். அவர் தொட்டால் கலசத்துச் சக்தி போய்விடும் என்று ஒருவன் நம் தெருவில் நின்று சொல்கிறான். அதற்கு நாம் 10,000 ரூபாய் ரசீது போடுகிறோம். ஊர்க்காரன் மதிப்பானா? 2012 நவம்பர் 7இல் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியையும் இன்னும் ரெண்டு காலனியையும் கொளுத்தினார்களே. பெங்களூர் போய்ச் சம்பாதித்துக் கட்டின வீடுகள், பீரோ, பைக் என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். நம் கையில் காசு சேர்வதைப் பார்த்து மதிப்பு வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. கோபுரத்தின் உயரத்தைப் பார்த்தா மதிப்பு வரப்போகிறது? ஒன்பது கோபுரம் கட்டின ஜமீன்தாரம்மாவுக்கே ஒரு கவளச் சோற்றின் மதிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன். கோயில் இருக்கட்டும். கோபுரம் இருக்கட்டும். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும், ஆனால் நம் குழாய்த் தண்ணீர். ஊற்றுவது பெரியப்பா. அவரோடு கோபுரத்தில் ஏறுவது கல் சுமந்த பொம்பளைங்க. பம்பையும் பறையும் முழங்கட்டும். சோறு நம் தெருவில் பொங்கட்டும், மாதாரித் தெருவும் லைன் வீட்டு வங்காளிகளும் முதல் பந்தியில் உட்காரட்டும். அதில் சாப்பிடுகிறவர் யாராயிருந்தாலும் வரட்டும், ஐயர் உட்பட. யாகத்துக்கு ஒதுக்கின பணத்தில் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரூம் போடலாம். இதற்கென்றால் என் பேரில் 10,000 இல்லை, 20,000 எழுதிக்கொள்ளட்டும்.

தோற்கலாம். குழுவில் பெரும்பாலோர் ஐயர் பக்கம். அந்தத் தம்பி என்னோடு பேச்சை நிறுத்தலாம். ஆனால் நேற்று ராத்திரி அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெத்தலையை மென்றபடி முழுசாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மாங் காசு போட்டுக் கட்டினாளே அந்த மகராசி, அவ கையால ஆக்கின சோத்தக் காளியாத்தா வேணான்னாளாடா?"

காளி எதுவும் சொல்லவில்லை அம்மா. சொன்னதெல்லாம் ஐயர்.

"அப்ப நம்ம மாரியாத்தாவும் சொல்ல மாட்டா" என்றாள்.